நாலாவதாக நின்றவள்

எங்கள் வீட்டில் மூன்றே பேர்: நான், கணவர், மகள். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவர் பிரிந்துவிடுவார் என்று என் கணவருக்கு ஒரு பயம். போட்டோ நன்றாக எடுப்பது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்க்கிற மனிதர், இதை மட்டும் விடமாட்டார். வழியில் போகிற யாரையாவது கெஞ்சி நாலாவதாக நிறுத்துவார். வீட்டுக்கு வந்ததும் அந்த ஆளைப் படத்திலிருந்து அழித்துவிடுவார். எடுக்கும்போது நாலு பேர் இருந்தால் போதுமாம். நல்ல சட்டம்!

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் இந்தப் பயம் இன்னும் முற்றிவிட்டது. புத்தாண்டு முடிந்ததும் மகள் பிரான்சுக்குப் படிக்கப் போகிறாள். அதற்குள் ஒரு நல்ல படம் வேண்டும். வெயில் சாயும் நேரத்தில் எங்களைப் பீச் ரோட்டுக்கு இழுத்துப்போய், கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். அப்போதுதான் ஊர்ப் பக்கத்து வெளிச்சம் முகத்தில் விழுமாம். எதிரே நின்ற ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு, 'மூணு பேரா நிக்கக்கூடாது' என்று சொல்லிக்கொண்டே நாலாவது ஆளைத் தேடினார்.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. என் வயதிருக்கும் ஒரு பெண் தானாக வந்து, மகளின் தோளில் கை வைத்து நின்றாள். படம் எடுத்ததும் கூட்டத்துக்குள் போய்விட்டாள். நன்றி சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம்.

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தோம். அவ்வளவு நல்ல படம் எங்களுக்கு அமைந்ததே இல்லை. நாங்கள் மூவரும் கேமராவைப் பார்க்க, அந்தப் பெண் மட்டும் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல அந்தம்மாவ எடுத்துடுங்க" என்றேன்.

கணவர் திரையை விரலால் தேய்த்தார். அவள் மறைந்து, அந்த இடத்தில் கடல் வந்தது. தோளில் கை மட்டும் இருந்தது. மறுபடி தேய்த்தார். மூன்று விரல்கள் மிச்சம்.

"அழிக்காதப்பா" என்றாள் மகள். "நிக்கும்போது அவங்க என் காதுல ஒண்ணு சொன்னாங்க."

"என்னா சொன்னாங்க?" என்றேன்.

"'நான் நிக்கிறேம்மா. நாங்க அன்னிக்கு படத்துக்கு மூணு பேராத்தான் நின்னோம். இப்ப நான் மட்டுந்தான் இருக்கேன்'னாங்க."

கணவர் அந்தப் பெண்ணைப் பழையபடி படத்துக்குள் கொண்டுவந்தார்.

மகள் விமானம் ஏறிய அன்று அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போய்ச் சேர்ந்து போன் செய்யும்வரை, தோளிலிருந்த அந்தக் கையை விட்டு என் கண் நகரவில்லை.