மிஸ்டர் கிளைன் வீட்டு ஹீட்டர்

மூன்று வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு மிஸ்டர் கிளைன் என்னிடம் நேராக ஓர் உதவி கேட்டார். நான் அரண்டுபோனேன்.

உதவி கேட்டால் குடியா முழுகிவிடும்? — முழுகும். சொல்கிறேன்.

மெல்போர்னில் நாங்கள் இருக்கும் கால்ஃபீல்டில் யூதக் குடும்பங்கள் அதிகம். வெள்ளி மாலை பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இருட்டும் வரை அவர்களுக்கு ஓய்வுநாள். ஸ்விட்சைத் தொடக் கூடாது. டெலிபோனைத் தொடக் கூடாது. வேற்று மதத்தாரான எங்களிடம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கவும் கூடாது.

அதனால் கிளைன் வேலியோரம் வந்து நின்று, வானத்தைப் பார்த்து, "உள்ளே கொஞ்சம் குளிராத்தான் இருக்கு" என்பார். முதல் தடவை நானும் வானத்தைப் பார்த்து, "ஆமா, மெல்போர்ன் இல்லியா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் மனைவி சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்கம்மா 'காபி வாசனையே காணுமே'ன்னா என்ன அர்த்தம்? போய் ஹீட்டரைப் போட்டுட்டு வாங்க."

அன்றிலிருந்து போடுகிறேன். அவர் நன்றி சொல்வதில்லை. வழி தவறி உள்ளே வந்தவன் கை பட்டு ஹீட்டர் எரிந்தது போல இருவரும் நடந்துகொள்வோம். நேராகவே கேட்கக் கூடாதா என்று ஒருமுறை விசாரித்தேன்.

"நோயாளின்னா கேட்கலாம். நான் நோயாளி இல்லை."

இந்தக் குளிர்காலத்தில் ஹாங்காங் ஃப்ளூ வந்தது. என் ஆபீஸில் ஒரு சர்க்குலர் ஒட்டிவிட்டு நிம்மதியாகிவிட்டார்கள். யூத ஜெப ஆலயத்துப் பெண்களோ ஒரே நாளில் தெருக்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது அவர்களுக்குக் கடமை. பார்த்தால் தொற்றும். என்ன செய்வது? ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பது என்று முடிவாயிற்று. சூப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு, ரோஜாச் செடிகளுக்கு நடுவே நின்று, "நாக்கை நீட்டுங்க" என்று அதட்டுவார்கள். வாரநாளில் போன் போட்டு விசாரிப்பு. சனிக்கிழமை போன் கிடையாதே... அன்று தெருத்தெருவாக நடை. எங்கள் இருவருக்கும் காய்ச்சல் வந்தால் ஜன்னலில் யார் நிற்பார்கள்? பொறாமையாகத்தான் இருந்தது.

கிளைனுக்கு இருமல் கண்டது. மனைவி இறந்தபின் தனியாக இருப்பவர். எங்கள் தெருவுக்குப் பொறுப்பான மிஸஸ் ரோத் வியாழக்கிழமை சூப் கொண்டுவந்தார். "எனக்கு ஒண்ணுமில்லை. நோயாளி யாருக்காவது கொடுங்க" என்று கதவைச் சாத்திவிட்டார் மனுஷர்.

சனிக்கிழமை வேலியோரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தேன். கதவு தாழிடவில்லை. கோட்டு, தொப்பியோடு சோபாவில் கிடந்தார்.

"ஹீட்டரைப் போடு," என்றார். "டாக்டருக்கு போன் பண்ணு."

குளிரைப் பற்றி ஏதாவது சாடையாகச் சொல்ல மாட்டாரா என்று கொஞ்சம் காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஹீட்டரைப் போட்டேன். டாக்டரைக் கூப்பிட்டேன். ஓடிப்போய்த் தெருமுனையில் மிஸஸ் ரோத்தைப் பிடித்தேன். டாக்டர் அனுப்பிய ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே நல்ல கூட்டம். ரோஜாச் செடிகள் பிழைக்கவில்லை. கிளைனுக்கு நிமோனியா. அவர் பிழைப்பாரா என்று டாக்டரும் சொல்லவில்லை.

நேற்று சனிக்கிழமை. வேலியோரம் யாரோ இருமினார்கள். கிளைன். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தில் இரண்டு மஃப்ளர். ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்தார்.

"உள்ளே கொஞ்சம் குளிராத்தான் இருக்கு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா... மனுஷர் நோயாளி இல்லை!