வலப்பக்கச் சக்கரமும் வால் கொழுப்பும்

மலையடி ஊரான கோச்கோரின் சந்தைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் எசென்குல்லுக்குத் தொப்பை பெரியது, சிரிப்பு அதைவிடப் பெரியது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அவன் சிரித்தால் மேலே கண்ணாடி அதிரும் என்பார்கள். ஆட்டு வியாபாரியின் வேன், வாத்தியாரின் ஜப்பான் கார், மணப்பெண் ஏற்றும் வாடகை வண்டி எல்லாம் அவன் கைபட்டு ஒழுங்காகத்தான் ஓடின. ஒரே ஒரு வண்டிதான் அவன் மானத்தை வாங்கியது. அது அவனுடைய மாமனார் சதிபால்டியின் கார்.

அந்தக் காரில் எப்போதும் வலப்பக்க டை ராடு எண்டுதான் போகும். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியின் நுனியில் இருக்கும் சின்ன மூட்டு அது. எசென்குல் புதுசு போடுவான். மலை மேய்ச்சலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அது ஆடத் தொடங்கிவிடும். இடப்பக்கத்து மூட்டோ கல்லு மாதிரி இருக்கும். மாப்பிள்ளை மட்டமான சாமானைத் தலையில் கட்டுகிறான் என்று மாமனார் வீட்டில் முணுமுணுப்பு. பாவம், நல்ல சாமானாகத் தேடிப்பிடித்துப் போட்டவன் அவன்.

இந்த வருஷம் மேய்ச்சலுக்குக் கிளம்பும் நாளில் மாமனார் வீட்டு முற்றத்தில் கம்பளமும் பாத்திரமும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அண்டாவில் ஆடு வெந்துகொண்டிருந்தது. கார் மறுபடியும் கடகடத்தது. கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"மாப்ள, உனக்கு இது கடைசித் தடவை. இதுக்கப்புறமும் சத்தம் வந்துச்சுன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். வண்டியை ரிஸ்பெக்கிட்ட விட்டுடுவேன்."

ரிஸ்பெக்கின் பட்டறை எசென்குல் பட்டறைக்கு நேர் எதிரே. சொந்த மாமனாரே எதிர்க்கடைக்குப் போனால் ஊரில் வேறு எவன் இவனிடம் வண்டியை விடுவான்? அதையும்விட, கிழவர் தன் கையை நம்பவில்லை என்பதுதான் அவனுக்கு வலித்தது.

ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான், அசையவில்லை. இடமும் வலமும் பிடித்து ஆட்டினான், டொக் என்றது. மனைவியின் தங்கை ஜைனகுல் மாவுக் கையோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா புருஷனை வம்புக்கு இழுக்காவிட்டால் அவளுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது.

"ஜைனா, கையைக் கழுவிட்டு உள்ள உக்காந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசா அசை. லேசான்னா லேசா. மாவு பிசையற மாதிரி இல்ல."

"நான் தொட்டா வண்டி நேராத்தான் போகும் அத்தான். நீங்க தொட்டாத்தான் கோணிக்குது."

அவன் அடியில் படுத்து மூட்டின் மேல் விரலை வைத்தான். கம்பி முதலில் நகர்ந்தது, சக்கரம் சற்றுப் பிந்தி நகர்ந்தது. தேய்மானம்தான். ஏன் தேய்ந்தது என்று அவன் இதுவரை யோசித்ததே இல்லை. கழற்றுவான், எறிவான், புதுசு மாட்டுவான். இன்று ரிஸ்பெக்கின் இளிப்பு கண்முன் நின்றதால் டார்ச் அடித்துப் பார்த்தான். மூட்டை மூடும் ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. அந்த வழியாகத்தான் மண் உள்ளே போயிருக்கிறது. ஆனால் கல் பட்டுக் கிழிந்த மாதிரி இல்லை. வரிசையாகப் பல் பதிந்திருந்தது. சுற்றிலும் மண்ணோடு இறுகிப்போன கொழுப்பு. முகர்ந்தான். கிரீஸ் இல்லை, அந்த ஊர் ஆடுகளின் வாலில் கட்டியாகத் தொங்கும் வால் கொழுப்பு.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேய்ச்சலுக்குப் புறப்படும்போது பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று கிழவர் வலப்பக்கச் சக்கரத்தில் கொழுப்புத் தடவுவார். சக்கரத்தோடு விடமாட்டார். கையை உள்ளே விட்டு மூட்டிலும் தாராளமாக அப்புவார். மலையில் அவருடைய நாய் அக்தோஷ் படுப்பது அந்தச் சக்கரத்தின் அடியில்தான்.

விஷயத்தைக் கேட்ட ஜைனகுல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போய் அப்பாகிட்ட சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

"எனக்கென்ன வந்துச்சு? பேரு கெட்டது உங்களுக்குத்தானே."

மாமனார் கொடுக்கும் ஆசியை நாய் தின்கிறது என்று எந்த மாப்பிள்ளை வாய்விட்டுச் சொல்வான்? மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்தான். நட்டைக் கழற்றி, பக்கத்தில் சுத்தியலால் ஓங்கித் தட்டியதும் மூட்டு விட்டுக்கொடுத்தது. பழையதை எத்தனை சுற்றில் கழற்றுகிறோமோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணி நிற்கும். அவன் வாய்க்குள் எண்ணினான்.

"அத்தான், நம்ம ஆடு மொத்தம் முப்பத்தெட்டு. குட்டி பதினஞ்சு. பெரியப்பா ஆடு..."

"வாயை மூடு, பிசாசே."

எண்ணிக்கை போயே போய்விட்டது. மச்சினியைப் பற்றித் தெரிந்தவன் என்பதால் கம்பியின் திருகு மரையில் முன்பே பெயிண்டால் கோடு போட்டு வைத்திருந்தான். அந்தக் கோட்டைப் பார்த்துப் புதியதை ஏற்றினான். பிறகு நூல் பிடித்துச் சக்கரங்களைச் சரிபார்த்துவிட்டு, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். சத்தமில்லை, கார் நேராகப் போனது.

எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் கிழவர் உள்ளங்கை நிறைய வெந்த வால் கொழுப்போடு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பின்னால் அக்தோஷ் நாக்கைத் தொங்கப்போட்டு வந்தது. அவர் சக்கரத்தருகே குனிந்தார். சொன்னால் மரியாதைக் குறைவு, சொல்லாவிட்டால் ரிஸ்பெக். அவர் முன்னால் மண்டியிட்டு வாயைத் திறந்தான்.

"மாமா, வேலை செஞ்சவன் நான். அதை எனக்கு ஊட்டி விடுங்க."

வாயைத் திறந்து கேட்பவனுக்கு ஊட்டாமல் போகிற பெரியவர் அந்த ஊரில் இல்லை. சம்பந்தம் பேசிய நாளில் வழக்கப்படி வால் கொழுப்பு ஊட்டியதோடு சரி, அதற்குப் பிறகு அவர் மாப்பிள்ளைக்கு ஊட்டியதே கிடையாது. இப்போது கொண்டுவந்த மொத்தத்தையும் திணித்துவிட்டார். எசென்குல்லுக்கு முழி பிதுங்கியது.

ஏமாந்துபோன அக்தோஷ் நேரே சக்கரத்துக்குள் தலையை விட்டது. மோந்து பார்த்தது. ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் புது ரப்பரில் பல்லை வைத்தது. அது கிழிவதற்குள் கிழவர் நாயின் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தார். கருவித் தட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாயின் வாயைத் திறந்து பற்களைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமும் இவன்தானா?"

வாயில் கொழுப்பு. எசென்குல் தலையை மட்டும் ஆட்டினான்.

"நாய்க்கு விருந்து வெச்சது நானு. பேச்சு வாங்கினது நீயா?" என்றார் கிழவர்.

"அப்பா, அப்ப ரிஸ்பெக்கிட்ட விடலையா?" என்றாள் ஜைனகுல்.

பழுது பார்க்கத் தவிர யாருக்கும் கொடுத்தறியாத சாவியைக் கிழவர் எசென்குல்லின் கையில் வைத்துவிட்டு, இடப்பக்கம் போய் ஏறி உட்கார்ந்தார்.

மலைக்குப் போக ஆற்றோரப் பாதைதான் சுருக்கு. கிழவர் சந்தை வழியாகப் போகச் சொன்னார். ரிஸ்பெக் வாசலில் நின்று டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் காரை நிறுத்தச் சொல்லிக் கிழவர் கண்ணாடியை இறக்கினார்.

"ரிஸ்பெக், ஸ்டியரிங்கு எப்படி இருக்குன்னு வந்து தொட்டுப் பாரு. எங்க மாப்ள கை வேலை."