அண்ணன் வரைந்த எழுத்து

டொரண்டோவில் என் ஆபீசில் ஒருவர் ஜன்னலை வெறித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்; அவர் வேலை செய்கிறார் என்று பொருள். இங்கே யோசிப்பதற்குச் சம்பளம் உண்டு. அரியலூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் அண்ணன் ஆரோக்கியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. காதுகுத்துக்குப் பேனர் கேட்டு வருகிறவர்கள் அவன் தோள்மேல் சாய்ந்துகொண்டு, "மாமா பேர இன்னும் பெருசா போடுங்க" என்பார்கள். அந்த நெரிசலில்தான் அவன் தனக்கென்று ஓர் எழுத்து வடிவத்தை உண்டாக்கியிருந்தான். அவனுடைய ழ கீழே நீண்டு வளைந்து, அடுத்த எழுத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

கைபேசி நிறுவனம் ஒன்றுக்குத் தமிழ் எழுத்துரு செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. ஆபீசில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. என் கைக்கு எதுவும் வரவில்லை. அண்ணனிடம் கேட்டேன், தங்கைக்காக எல்லா எழுத்தையும் வரைந்து அனுப்பினான். நான் வரைந்ததாகக் கொடுத்தேன். இனி இவை ஆபீசின் சொத்து என்று கையெழுத்தும் போட்டேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

சில மாதங்களில் அப்பா இறந்தார். மறுநாள் அடக்கத்துக்குள் போய்ச்சேர விமானம் இல்லை. தனியே இருக்க முடியாமல் ஆபீசுக்குப் போனேன். அண்ணன் தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரின் படம் வந்தது. மேலாளர் ஹெலனிடம் காட்டினேன். என் தோளைத் தொட்டு வருத்தம் சொன்னவர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வென் இஸ் இட் கமிங் டவுன்?" என்றார். அப்பாவின் பெட்டியை எப்போது குழிக்குள் இறக்குகிறார்கள் என்று கேட்கிறாராக்கும் என எண்ணி, "நாளைக்கு நாலு மணிக்கு" என்றேன். "அவ்வளவு தாமதமாகவா?" என்றார். அவர் விரல் ழகரத்தின் மேல் நின்றபோதுதான் பேனரை இறக்குவதைக் கேட்கிறார் என்று புரிந்தது. நம் எழுத்து அங்கே எப்படிப் போனது என்றார். உண்மையைச் சொல்ல அது ஒரு தருணம். "என் கணினியிலிருந்து அண்ணன் எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான்" என்றேன்.

அண்ணனை அழைத்தேன். "அண்ணே, அந்த பேனர இறக்கிடு. எழுத்து ஆபீசோடதுன்னு பிரச்சன பண்றாங்க."

"இத்தன வருஷமா என் கடையில இருக்குற எழுத்து அவங்களோடதா?" என்றவன் குரலைத் தணித்தான். "நீ வரைஞ்சதுன்னு சொல்லிட்டியா பாப்பா?"

"இன்னைக்கே இறக்கிடுண்ணே" என்றேன்.

"சரி. இறக்கிடுறேன்" என்று வைத்துவிட்டான்.

சித்தப்பா மகள் ஸ்டெல்லா வீடியோ காலில் அடக்கத்தைக் காட்டினாள். சவப்பெட்டிக்குப் பின்னால் புதுப் பேனர், எந்தக் கடையிலும் கிடைக்கும் எழுத்தில். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். என் பெயர் இல்லை.

"அக்கா பேரு வுட்டுப்போச்சுண்ணே" என்றாள் ஸ்டெல்லா.

அவன் கைபேசிப் பக்கம் திரும்பவே இல்லை. "வுட்டுப்போவல. அவ பேரும் கம்பெனிக்குச் சொந்தமோ என்னமோ. எதுக்கு வம்பு?"

எழுத்துரு வெளியாகிவிட்டது. ஆபீஸ் வரவேற்பறைச் சுவரில் வடிவமைத்தவள் என்று என் பெயரை மாட்டியிருக்கிறார்கள். இங்குள்ள தமிழர்கள் வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சொந்த ஊர் கேட்கிறார்கள், அரியலூர் என்கிறேன். "அங்கயே இருந்திருந்தா இதெல்லாம் பண்ணியிருக்க முடியுமாங்க?" என்கிறார்கள்.

முடியாது என்கிறேன்.