மருமகள் வந்த வருடம் ரோஜா உதிர்ந்தது

உஸ்பெகிஸ்தானின் நமங்கானில் ஒரு வீட்டுக்கு மருமகள் வந்துவிட்டாள் என்று யாரும் தமுக்கடிக்க வேண்டியதில்லை. விடியுமுன் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். புது மருமகள் ஒய்தின் எட்டு மாதமாக அதைத்தான் செய்துவந்தாள், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

மே மாதம் வாசலோர ரோஜாச்செடியில் கரும்புள்ளி விழுந்தது. இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. மாமியார் மஸ்தூரா கண்ணேறு கழிய இசிரிக் மூலிகைப் புகை போட்டுப் பார்த்தார். செடி மசியவில்லை. பக்கத்து வீட்டு சவ்ரி சுவருக்கு மேல் தலையை நீட்டி, "மருமக காலடி சரியில்லபோல" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று மஸ்தூராவும் சொல்லிவைத்தார்.

அது ஒய்தின் காதில் விழுந்தது. இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் போகாது என்று அவளுக்குத் தெரியும். அழுதாள். அழுதுகொண்டே இலைகளைத் திருப்பிப் பார்த்தாள், அவள் சுபாவம் அப்படி. கோழி வெயிலில் ஏன் வாயைத் திறக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பிறந்த வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கியவள். புள்ளிகள் கீழ் இலைகளில்தான் அதிகம், அதுவும் நடைபாதைப் பக்கம். ரொட்டி அடுப்புக்குப் பின்னால் நின்ற ரோஜாவில் ஒன்றுகூட இல்லை. அங்கே வாய்க்கால் தண்ணீர் வேருக்குப் பாயும், மேலே யாரும் தெளிப்பதில்லை. முழங்கால் வலியால் மஸ்தூரா நாலு வருடமாக வாசல் தெளிக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அப்படியானால் தான் தெளிக்கும் தண்ணீர் இலையில் படுவதுதான் காரணமோ?

உதிர்ந்த இலைகளையெல்லாம் பொறுக்கி அடுப்பில் போட்டாள். சாயங்காலம் கையைத் தாழ்த்தித் தரையில் மட்டும் தெளித்தாள்.

"என்ன பொண்ணே, தண்ணிக்குப் பஞ்சமா? கைய ஓங்கி வீசு. செடி மேல தூசி நிக்குது பாரு!" என்றார் மஸ்தூரா.

"ஒரு மாசம் இலை நனையாம இருக்கட்டும்மா."

"தெருவுல நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அதான் ஏற்கெனவே சொல்லிட்டாங்களே."

மஸ்தூரா உள்ளே போய்விட்டார்.

ஜூன் கடைசியில் புதுத் துளிர்கள் புள்ளியில்லாமல் வந்தன. மஸ்தூரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் இலையாகப் புரட்டினார்.

"ராத்திரியெல்லாம் இலை ஈரத்துல கெடந்திருக்கு. ஓங்கித் தெளின்னு சொல்லிக்குடுத்ததே நான்தானே?"



அந்த நேரம் பார்த்து சவ்ரியின் தலை சுவர்மேல் முளைத்தது. "அடடே, செடி தேறிடுச்சே! பொகை வேலை செஞ்சிருச்சா?"

"பொகையுமில்ல, மண்ணுமில்ல. என் மருமக காலடியில ஒரு குத்தமும் இல்ல சவ்ரி, குத்தமெல்லாம் என் வாயிலதான். அன்னிக்கு எந்தெந்த வீட்டுல போய்ச் சொன்னியோ, அத்தன வீட்டுலயும் இதையும் சொல்லிட்டு வா."