பள்ளத்து வீடுகளின் பம்புச் சங்கம்

பள்ளத்தில் இருக்கும் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுவது என்பது, போன மாதம் ஏற்றிய அதே தண்ணீரை இந்த மாதமும் ஏற்றுகிற தொழில்.

கோயில் நிர்வாகம், தமிழ்ப் பள்ளிக்கூடம், பழைய மாணவர் சங்கம் என்று எதிலாவது செயலாளராக இருந்து தலைமுடியைக் கொடுத்தவர்கள் இதை வாசித்தால், நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கு டென்மார்க்கில் ஒரு தாழ்நிலம். முன்னொரு காலத்தில் அது ஏரி. யாரோ அதை இறைத்து வயலாக்கிவிட்டார்கள். இறைப்பை நிறுத்தினால் ஏரி திரும்பி வந்துவிடும். அதனால் அங்கே காணி உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். வாய்க்கால் துப்புரவும் பம்பும் அந்தச் சங்கத்தின் பொறுப்பு. பம்பைப் பார்ப்பதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும், ஒரு சின்னச் சம்பளத்துக்கு, என்னுடைய வேலை.

சேராமல் சேர்ந்தது

இக்காஸ்ட் என்ற ஊரில் நான் வேலை செய்த துணி ஆலையை மூடிவிட்டார்கள். மனைவி சாந்திக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அதற்குப் பக்கத்தில், தாழ்நிலத்து ஓரத் தெருவில் ஒரு வீடு மலிவாக வந்தது. ஏன் மலிவு என்று நாங்கள் கேட்கவில்லை. தெருவில் மொத்தம் ஏழு வீடுகள். கடைசி வீடு, எல்லாவற்றிலும் தாழ்ந்த வீடு, அருளானந்தம் அண்ணையுடையதும் அவர் மனைவி செல்வராணி அக்காவுடையதும். எங்களுக்கு முன்பே ஆலைச் சம்பளத்தில் அந்த வீட்டை வாங்கி வந்தவர்கள்.

பெட்டிகளைப் பிரித்து முடிக்கவில்லை, சங்கத் தலைவர் நீல்ஸ் வந்து வாசலில் நின்றார். அந்தத் தாழ்நிலத்தில் பெரும்பகுதி அவருடைய வயல்தான். நான் சங்கத்தில் உறுப்பினர் என்றும் பொதுக்கூட்டத்துக்கு வரவேண்டும் என்றும் சொன்னார். எனக்குச் சங்கங்கள் போதும் போதும் என்றாகிவிட்டது, நான் எதிலும் சேருவதாக இல்லை என்றேன். மனிதர் கோபிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"நீங்கள் சேரவில்லை. உங்கள் காணி சேர்ந்திருக்கிறது."

கதிரை அடுக்கியவன்

முதல் பொதுக்கூட்டம் ஊர் மண்டபத்தில் நடந்தது. பழைய பம்புக்காரர் விலகிவிட்டார், யார் பொறுப்பெடுக்கிறீர்கள் என்று நீல்ஸ் கேட்டார். எல்லோரும் தங்கள் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டேன். அதுவரைக்கும் கெட்டித்தனம்தான்.

கூட்டம் முடிந்ததும் புத்தி பழைய இடத்துக்குப் போய்விட்டது. எங்கள் கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் எல்லோரும் போனபிறகு கதிரை அடுக்க ஒருவன் மிஞ்சுவான். அவன் எப்போதும் நான். கை சும்மா இருக்காமல் கதிரைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன். நீல்ஸ் இரண்டு கதிரையோடு வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, "நன்றி" என்றார். கதிரைக்குத்தான் நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன். டென்மார்க்கில் கதிரை அடுக்குகிறவன்தான் அடுத்த நிர்வாகி என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியாது. அடுத்த நாள் பம்பு வீட்டுப் பூட்டின் திறப்பு எங்கள் தபால் பெட்டிக்குள் கிடந்தது. சாந்தி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கோயில் சபைக்குப் பயந்து இஞ்சை ஓடி வந்தியள். கடைசியிலை தண்ணிக்குச் சபை வைச்சிருக்கிற ஊரிலை வந்து மாட்டியிருக்கிறியள்."

வாக்கு

இந்தச் சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு இல்லை. காணியின் அளவுக்குத்தான் வாக்கு. நீல்ஸ் கையை உயர்த்தினால் ஒரு வயல்வெளியே கை உயர்த்தின மாதிரி. எங்கள் தெருவின் ஏழு வீட்டுக்காரரும் இரண்டு கையையும் தூக்கினாலும் அவருடைய ஒரு மூலை வயலுக்குக் காணாது. பம்பு நின்றால் அவருக்கு உருளைக்கிழங்கு அழுகும். எங்களுக்குப் படுக்கை நனையும்.

இது நியாயமா என்று ஒருமுறை கூட்டத்தில் கேட்டுவிட்டேன். காணி அதிகம் உள்ளவர்தான் செலவையும் அதிகம் சுமக்கிறார் என்று நீல்ஸ் விளக்கினார். அதுவும் உண்மைதான். அதோடு விட்டிருக்கலாம், மனிதர் என் தோளில் தட்டி இதையும் சேர்த்துச் சொன்னார்:

"இதுதான் ஜனநாயகம். ஒவ்வொரு எக்டேரும் சமம்."

யாருடைய தண்ணீர்

நவம்பர் மழை. எங்கள் வாய்க்கால் போய் விழுகிற ஆற்றில் புல்லும் பாசியும் மண்டித் தண்ணீர் நகரவில்லை. நான் இறைத்து ஊற்றுகிறேன், ஆறு அதைத் திருப்பித் தருகிறது. ஆற்றுப் புல்லை வெட்டுவது கொம்யூனின் வேலை, அதாவது நகரசபையின் வேலை. கரை வயல்காரருடையது. வாய்க்கால் சங்கத்துடையது. மீனுக்கு மீன்பிடிச் சங்கம் என்று இன்னொன்று இருக்கிறது, அவர்கள் புல்லை வெட்டவே கூடாது என்கிறார்கள். ஒரு முழ அகலத் தண்ணீருக்கு இத்தனை சொந்தக்காரர். வெள்ளம் வந்தால் மட்டும் அது அநாதை.

கொம்யூனில் இதற்குப் பொறுப்பானவர் லீனா. நல்ல பெண். தொலைபேசியில் கதைத்துவிட்டுப் போகாமல் றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து, தெருவில் நின்ற தண்ணீருக்குள் என்னோடு நின்றார். இந்த வருடத்துப் புல்வெட்டு முடிந்துவிட்டது, விதிப்படி இனி அடுத்த வருடம்தான் என்றார். அப்படியென்றால் இந்த வெள்ளம் யாருடைய பொறுப்பு என்று கேட்டேன். பாவம், முகம் வாடிப்போய்த்தான் சொன்னார்:

"வெள்ளம் எங்கள் பொறுப்பு இல்லை. வெள்ளத்தைப் பற்றிய முறைப்பாடுதான் எங்கள் பொறுப்பு."

செல்வராணி அக்காவின் ஜெபம்

செல்வராணி அக்கா பெந்தெகொஸ்தே சபைக்காரர். பம்பின் சத்தம் கேட்டால்தான் அவருக்கு நித்திரை வரும். சத்தம் நின்றால் முதலில் கர்த்தரைக் கூப்பிடுவார், அடுத்து என்னைக் கூப்பிடுவார். ஒருநாள் பம்பின் வாயில் மரக்கொப்பு ஒன்று சிக்கிக்கொண்டது. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுக்கிறேன். அக்கா குடையோடு கரையில் நின்று உரத்துத் தமிழில் ஜெபிக்கிறார். பார்க்க வந்த நீல்ஸ், ஒரு சொல் விளங்காவிட்டாலும், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி நின்றார்.

கொப்பு கழன்றது. நடுங்கிக்கொண்டு கரை ஏறிய நான் கொஞ்சம் எரிச்சலோடு, மழையையே நிற்பாட்டித் தரச்சொல்லிக் கேட்டிருக்கலாமே அக்கா என்றேன். குடையை எனக்கு மேலே பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மழை கர்த்தர் தாறது, தம்பி. அதைத் திருப்பி அனுப்புறதுக்குத்தான் உங்களை வைச்சிருக்கிறார்."

மகள்

மகள் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் டெனிஷில் மறுமொழி வரும். இறைத்த கிணறுதான் ஊறும் என்று என் தொழிலைப் பற்றி ஒருநாள் பெருமை அடித்தேன். அவள் சாப்பாட்டு மேசையிலேயே வகுப்பு எடுத்துவிட்டாள். எங்கள் நிலம் பழைய ஏரிச் சேறு. தண்ணீரை இறைக்க இறைக்கக் காய்ந்து, காற்றோடு கலந்து, தாழ்ந்துகொண்டே போகும். தாழத் தாழ இன்னும் இறைக்க வேண்டும். காய்ந்த சேற்றிலிருந்து கிளம்புகிற வாயு உலகத்தைச் சூடாக்கும். அதனால்தான் அரசாங்கம் இப்படியான நிலங்களைத் திரும்ப ஈரமாக்கப் பார்க்கிறது.

அவள் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. இத்தனை குளிரில் நனைந்து நான் வீடுகளைக் காப்பாற்றினேன் என்று நினைத்திருக்க, அவற்றை நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கியிருக்கிறேன். இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு சிரித்தபடி சொன்னாள்:

"அப்பா, நீங்கள் இவ்வளவு காலமும் காலநிலைக்கு எதிராகச் சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள்."

எழும்பி ஒரு வார்த்தை

அந்த ஈரமாக்கும் திட்டம் எங்களிடமும் வந்தது. நீல்ஸ் வயல்களைக் கொடுத்துவிட்டு நட்டஈடு வாங்க முடிவெடுத்தார். பெரிய பம்பை நிறுத்துவார்கள், ஏரி திரும்பும். ஏழு வீடுகளைச் சுற்றி ஒரு மண் அணை கட்டி, சின்னப் பம்பு ஒன்று பூட்டித் தருவார்கள். அதற்குப் பிறகு அணையும் பம்பும் ஏழு வீட்டுக்காரரின் பாடு. வாக்கெடுப்பில் எங்களால் வெல்ல முடியாது. ஆனால் லீனா ஒரு வழி சொன்னார். பொதுக்கூட்டத்தில் வீட்டுக்காரர் ஒருவர், ஒரே ஒருவர், எழும்பி மறுப்புச் சொல்லி அது கூட்டக் குறிப்பில் பதிவானால் போதும். அணையையும் பம்பையும் யார் பராமரிப்பது என்பதைக் கொம்யூன் மறுபடி விசாரித்தே ஆகவேண்டும்.

நான் எழும்ப முடியாது. பம்பில் சம்பளம் எடுக்கிறவனும் அவன் வீட்டாரும் பம்பைப் பற்றிய விடயத்தில் வாய் திறக்கக்கூடாது என்பது சங்க விதி. மற்ற ஐந்து வீட்டுக்காரரும், தாழ்ந்த வீட்டுக்காரர்தான் சொல்லவேண்டும் என்று ஒதுங்கிவிட்டார்கள். ஆகவே அருளானந்தம் அண்ணை. மூன்று வரி டெனிஷை எங்கள் குசினியில், சாந்தி சமைக்கிற பக்கத்தில் இருந்து பாடமாக்கினார். மனிதர் ஆலையில் மேலதிகாரியையே எதிர்த்துக் கதைத்தவர், எனக்குப் பயமே இருக்கவில்லை.

ஊர் மண்டபத்தில் திருத்த வேலை நடந்ததால் கூட்டத்தை நீல்ஸின் வீட்டில் வைத்தார்கள். அங்கேதான் விழுந்தோம். அண்ணைக்குச் சீனி வருத்தம் என்று நீல்ஸின் மனைவி எங்கேயோ கேள்விப்பட்டு, அவருக்கென்று சீனி போடாத கேக் ஒன்று தனியாகச் செய்திருந்தார். தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். அண்ணை இரண்டு துண்டு சாப்பிட்டார். பிறகு நீல்ஸ், யாருக்காவது மறுப்பு இருக்கிறதா என்று கேட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை வெறும் தட்டைப் பார்த்தார். நீல்ஸ் அவசரப்படவில்லை, இன்னொரு தரமும் கேட்டார். அண்ணையின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுப்பு எதுவும் இல்லை என்று என் கையால் எழுதினேன்.

வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்று அண்ணை அழாக்குறையாகச் சொன்னார், "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமோ, தம்பி? அந்த மனுசி எனக்கெண்டு செய்து வைச்சிருக்கு." என்னால் அவரை ஏச முடியவில்லை. அந்தக் கதிரையில் என் அப்பா இருந்திருந்தாலும் எழும்பியிருக்க மாட்டார். செல்வராணி அக்கா அன்றைக்கு வேலையில் நின்றார். வீட்டுக்கு வந்து விடயத்தைக் கேட்டவர், மேல்கோட்டைக் கழற்றாமல் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்:

"சீனி இல்லாத கேக்குக்கு வீட்டைக் குடுத்திட்டு வந்திருக்கிறார்."

புதிய சங்கம்

ஏரி திரும்பி வந்தது. பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. வாத்தும் கொக்கும் வந்தன, அவற்றைப் பார்க்கத் தூரத்து ஊர்களிலிருந்து ஆட்கள் தொலைநோக்கியோடு வந்தார்கள். பழைய சங்கத்தைக் கலைத்து, ஏழு வீடுகளுக்கும் புதிதாக ஒன்றைப் பதிந்தார்கள். எங்கள் வீட்டு வரவேற்பறையில் முதல் கூட்டம். யார் தலைவர் என்று கேட்க முன்பே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதிரைகள் என் வீட்டுக் கதிரைகள், அடுக்காமல் தப்பவும் வழியில்லை.

நீல்ஸ் பட்டணத்துக்குக் குடிபோக முன்பு சொல்லிவிட்டுப் போக வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஏழு வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காணி என்பதை நினைவு வைத்திருந்து, சந்தோசமாகக் கையைக் குலுக்கிச் சொன்னார்:

"நீங்கள் அன்றைக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. இனி எல்லோருக்கும் ஒரே வாக்கு."

விலகல்

அணை பெரிய தண்ணீரை மறித்தது. நிலத்துக்குக் கீழால் வருகிற தண்ணீரை அது மறிக்கவில்லை. இரண்டாவது மாரியில் அண்ணை வீட்டு நிலப்பலகை ஊறி வீங்கியது, சுவரில் பூஞ்சை ஏறியது. சின்னப் பம்பு இரவு பகலாக ஓடியும் ஈடுகொடுக்கவில்லை. பெரிய பம்புக்கு ஏழு வீட்டுக்கும் வசதி இல்லை. கொம்யூனுக்குப் போனேன். அணை வரைபடத்தில் உள்ளபடிதான் இருக்கிறது, மற்றது சங்கத்தின் பொறுப்பு என்றார்கள். சங்கம் என்றால் நான். லீனா பழைய கூட்டக் குறிப்பை எடுத்து என்முன் வைத்தார். என் கையெழுத்தை நானே வாசித்தேன்.

வீட்டை வாங்க ஒருவரும் வரவில்லை. பூஞ்சையால் அண்ணைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் இருவரும் இக்காஸ்டில் ஒரு வாடகை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். புறப்படுகிற அன்று அக்கா என்னைக் கூப்பிட்டு, "எங்கட பேரைச் சங்கத்திலை இருந்து வெட்டிவிடுங்கோ, தம்பி. இனி எங்களுக்கு இதோடை ஒரு தொடர்பும் வேண்டாம்" என்றார். என்ன செய்வது, நான் தலைவர். அந்த வீடு விலைப்படும் வரைக்கும் பம்புச் செலவில் ஒரு பங்கு அவர்களுடையது. ஒருகாலத்தில் என் வாசலில் கேட்ட வார்த்தையை என் வாயாலேயே சொன்னேன்: "அக்கா, நீங்கள் சேரேல்லை. காணிதான் சேர்ந்திருக்கு."

அக்கா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். முற்றம் முழுக்க நின்ற தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்:

"எந்தக் காணி, தம்பி? எனக்குத் தண்ணிதான் தெரியுது."

இப்போது எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் சம வாக்கு, பொதுக்கூட்டத்துக்கு ஏழு கதிரை போடுகிறேன், ஒன்றில் யாரும் இருப்பதில்லை, முடிந்ததும் அதையும் சேர்த்து அடுக்கி வைக்கிறவன் நான்தான்.