தளர்ந்தது எந்த நரம்பு

மரக்காணம் உப்பளத்தில் காசிலிங்கத்தின் தொண்டைதான் மணி. வரப்பில் நின்று "மடைய அடைங்கப்பா" என்று ஒரு குரல் விட்டாரானால், பத்துப் பாத்தி தாண்டி இருப்பவனும் மண்வெட்டியை எடுப்பான். தைராய்டு கட்டியை எடுத்த நாளோடு அந்தக் குரல் வெறும் காற்றாகிப் போனது.

தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, படம் போட்டுக் காட்டினார். உள்ளே இரண்டு குரல் மடிப்புகள்; பேசும்போது இரண்டும் கதவு போலச் சேர வேண்டும். மடிப்புக்குள் இருக்கும் தசையை அசைக்கிற நரம்பு நேராக வருவதில்லை. இடது பக்கத்து நரம்பு நெஞ்சு வரை இறங்கி, பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு, தைராய்டுக்குப் பின்னால் மேலே ஏறி வருகிறது. ஆபரேஷனில் அது கொஞ்சம் இழுபட்டிருந்தது.

"நரம்பு தளர்ந்திருக்குதுங்க. தானா சரியாகலாம். ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆகும்."

மனைவி சரஸ்வதியின் காதில் நின்றது ஒரே சொல்தான். மறுநாள் அளத்தில் விசாரித்தவர்களிடமெல்லாம், "அவருக்கு நரம்புத் தளர்ச்சியாம்" என்று கண் கலங்கினாள்.

ஆண்களை மட்டும் ரகசியமாக லாட்ஜுக்கு அழைக்கும் 'நரம்புத் தளர்ச்சி' நோட்டீசை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் படிக்காதவர் அங்கே யார்?

"ஏம்பா காசிலிங்கம், வைத்தியர் மாசத்துல ஒரு நாள் திண்டிவனம் வர்றாராமே. தொணைக்கு வரட்டா?" என்றான் கூட வேலை செய்யும் பஞ்சநாதன்.

அளமே சிரித்தது. பழைய தொண்டையாக இருந்தால் ஓர் அதட்டலில் அடங்கியிருப்பார்கள். வாயைத் திறந்தார், சைக்கிள் டியூபில் இறங்குவது போலக் காற்றுதான் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

நான்கு நாள் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தான் சொன்னது என்னவாகிப் போனது என்று தெரிந்ததும் சரஸ்வதி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் போனார். சாப்பாட்டு நேரத்தில் ஈரப் பாத்தியில் விரலால் கோடு இழுத்தார்.

"இது தல. இது நெஞ்சு. கழுவெளி ஏரித் தண்ணி நேராவா பாத்திக்கு வருது? அந்தாண்ட போயி சுத்திக்கினு வருதில்ல, அப்புடித்தான் இந்த நரம்பும். நடுவுல வாய்க்கா கெட்டா, கடைசிப் பாத்திக்குத் தண்ணி ஏது?"

அந்தக் காற்றுக் குரலைக் கேட்க எல்லோரும் ஒட்டிக் குனிய வேண்டியிருந்தது. பஞ்சநாதன் கோட்டையே பார்த்தான்.

"அப்ப தொண்ட நரம்புதானா?"

"அது மட்டுந்தான்."

"மத்தபடி?"

காசிலிங்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எதிர் வரப்பிலிருந்து சரஸ்வதி, முந்தானையால் முகத்தை மறைத்தபடி சொன்னாள்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. போயி வேலயப் பாருங்க."

அளம் மறுபடி சிரித்தது. முன்னைவிட இப்போதுதான் அவருக்கு அதிக வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் விடியலில் வரப்பில் ஏறி நின்று கையைத் தட்டினார். முதலில் மண்வெட்டியை எடுத்தவன் பஞ்சநாதன்.