மெதுவக்கா வழி விசாரிக்கிறார்

போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். உதடு மட்டும் அசைகிறது. இருபது வரை எண்ணுகிறார் என்பது எனக்குத் தெரியும். முதன்முறை வருகிறவர்கள் போனுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று நினைத்து, தாங்களும் அடக்க ஒடுக்கமாக நின்றுவிடுவார்கள். இருபது முடிந்ததும் கண்ணைத் திறந்து, "மெதுவா... மெதுவா எழுந்திருக்கட்டும்" என்பார். பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும்.

நாங்கள் அவருக்கு வைத்த பேர் மெதுவக்கா. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். செல்போன் பழுது பார்க்கும் கடை, மாடிப்படிக்கு அடியில். வேகமாக நிமிர்ந்தால் தலை இடிக்கும். அவர் வேகமாக நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடி முகப்பில் நிறநிறமான போன் உறைகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பிற்பகல் மூன்று மணி வெயில் அவற்றின் வழியே நுழைந்து மேசைமேலும் அவர் முழங்கையிலும் பச்சையும் ஊதாவுமாகப் படியும். காற்றடித்தால் நிறங்கள் இடம் மாறிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகும். பேட்டரி மாற்ற வந்து, மாற்றாமலே வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அடுத்தவர் போனை அவர் இரண்டு விரலால் ஓரத்தில்தான் பிடிப்பார். வாடிக்கையாளர் ஏதாவது தட்டச்சு செய்யும்போது நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு தடவை படிச்சிட்டா எனக்கு மறக்காதுங்க. ஊர்ல உள்ளவங்க கதையெல்லாம் நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

இணையப் பக்கம் திறக்கவில்லை என்று வருகிற எல்லோருக்கும் ஒரே விளக்கம்தான். "பேரை அடிச்சா, அந்த வீடு எங்க இருக்குன்னு போனுக்குத் தெரியாது. தெருமுனையில ஒருத்தர்கிட்ட விசாரிக்கும். அவர்தான் டிஎன்எஸ். நாம எங்கெங்க போறோம்கிறது அவருக்கு அத்துப்படி. அதனால, யாரை விசாரிக்கிறோம்கிறதுதான் விஷயம்." இதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று நிமிடம் பிடிக்கும். நடுவில் கொட்டாவி ஒன்றும் உண்டு.

சென்ற வியாழக்கிழமை கிரில் அடிப்பவர் ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். ஜன்னல் கம்பி வளைத்து வளைத்து விரல்களும் வளைந்திருந்தன.

"ஏம்மா, இந்த பிரவுசர்ல ஒரே ஒரு பக்கம் மட்டும் வரமாட்டேங்குது. மத்ததெல்லாம் வருது."

வெளியே வந்ததும் போன தடத்தையெல்லாம் அழித்துவிடுகிற உலாவி அது.

"வேற பிரவுசர்ல திறந்து பாத்தீங்களா அண்ணே?"

"ஐயையோ, வேணாம்மா. அதுல தங்கிடும். பெரியவன் பாத்துடுவான்."

என்ன பக்கம் என்று அக்கா கேட்கவில்லை. நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்; கழுத்துகூடச் சற்று நீண்டுவிட்டது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நீங்களே அடிங்க. என்ன எழுதி வருதுன்னு மட்டும் சொல்லுங்க."

"முகவரி கிடைக்கலைன்னு வருது."

"அனுமதி இல்லைன்னு வரலையே? பாஸ்வேர்டு கேக்கலையே?"

"இல்ல." பிறகு குரல் தாழ்ந்தது. "நம்மள வேணாம்னு அடைச்சிட்டா அப்படித்தான் வருமாம்மா?"

அக்கா மெல்லத் திரும்பினார்.

"எம்பொண்ணும்மா. அண்ணன்காரனோட சண்டை போட்டுட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு. வீட்ல அவ பேரையே யாரும் எடுக்கிறதில்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஏதோ எழுதிப் போடுவா. ஜன்னல்ல வெச்ச செடி, வளக்கிற பூனைன்னு. நான் படிக்கிறது வீட்லயும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மூணு வாரமா வரலை. என்னைக் கண்டுபிடிச்சுட்டாளா, இல்ல எல்லாத்தையும் மூடிட்டாளா, தெரியலையே."

"அடைச்சிருந்தா வீடு இருக்கும், கதவுதான் சாத்தியிருக்கும். இது வீடே தெரியலைங்குது." அவர் முகம் செத்துவிட்டதைப் பார்த்ததும் அக்காவுக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது. "இருங்க, இருங்க. வீட்டையே எடுத்திருக்கலாம். இல்லாட்டி, நாம விசாரிக்கிற ஆள் சொல்லாம இருக்கலாம். மூணு வாரத்துக்கு முன்னால எதையாவது தொட்டீங்களா?"

தொட்டிருந்தார். "என்னப்பா, எப்பப் பாத்தாலும் போன்ல படிச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்று பெரியவன் கேட்ட அன்று பயந்துபோய், உலாவியின் செட்டிங்கில் பூட்டுப் படம் போட்டிருந்த எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டார். வழி சொல்கிற டிஎன்எஸ்காரர்கள் பட்டியலில் இருப்பதிலேயே கெடுபிடியான ஆளையும் தேர்ந்தெடுத்திருந்தார்.

"ஜன்னலுக்கு எத்தனை அங்குலத்துக்கு ஒரு கம்பி வெப்பீங்க அண்ணே?"

"நாலு அங்குலம்."

"இங்க கால் அங்குலத்துக்கு ஒண்ணு வெச்சிருக்கீங்க. காத்தே வரலை." அக்கா சிரித்தார். "இவர் ரொம்பக் கறார். பேர் தெரியாத சின்னப் பக்கம்னா, தெரியாதுன்னு கையை விரிச்சிடுவார். ஆளை மாத்துவோம். இதோ இவரும் ரகசியம் காப்பார், ஆனா வழியை மறைக்க மாட்டார்."

"அப்ப, வந்துடுமா?"

"அவ வீடு இருந்தா வரும்."

அக்கா ஆளை மாற்றிவிட்டு உலாவியை மூடினார். ஃப்ளைட் மோடு. கண்ணை மூடிக்கொண்டார். கிரில்காரரும் மூடிக்கொண்டார். கேலி செய்து பழகிய நானும் மூடிக்கொண்டேன். தலைக்கு மேலே யாரோ படியேறிப் போனார்கள். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் அவள் வீடு இருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. இருபது என்பது அவ்வளவு பெரிய எண் என்று அன்றுதான் தெரிந்தது.

கிரில்காரர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். திரையில் சின்ன வளையம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

"பூனை மூணு குட்டி போட்டிருக்கு" என்றார்.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார். மூன்று வாரம் பாக்கி இருந்தது. ஒரு வரி படிப்பார், நிறுத்துவார், சட்டைக் கையால் கண்ணைத் துடைப்பார், அதே வரியை முதலிலிருந்து ஆரம்பிப்பார். பின்னால் வந்து நின்ற ஒருவர் செருமினார். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

யாரும் தொடாததால் திரை மங்கத் தொடங்கியது. மெதுவக்கா கையை நீட்டி, எழுத்தில்லாத ஓரத்தில் ஒரு விரலால் தொட்டார். வெளிச்சம் வந்தது. கிரில்காரர் படித்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து மறுபடி மங்கியது. அக்கா மறுபடி தொட்டார்.